கார்பன் ஃபைபர் இன்ஃபியூஷன் கிட்: துணியில் குறையில்லை, கேஜில்தான் குறை

வேக்கம் இன்ஃபியூஷன் என்பது அச்சில் விரித்த உலர்ந்த துணியைப் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடத்தால் ரெசினை உள்ளே இழுக்கவைக்கும் முறை. அதை முதல்முறை செய்து பார்ப்பவர்களுக்காக ஒரே பெட்டியில் போட்டு விற்கிற தொடக்கநிலை கிட் இது. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்), 3கே, 2×2 ட்வில் கார்பன் துணி; இன்ஃபியூஷன் எபாக்ஸி ரெசினும் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரும்; பீல் ப்ளை (பின்னால் உரித்தெடுக்கும் துணி), ஃப்ளோ மெஷ் (ரெசின் பரவ உதவும் பச்சை வலை), பேக்கிங் ஃபிலிம் (பைக்கான பிளாஸ்டிக் தாள்), சீலன்ட் டேப், ஸ்பைரல் ட்யூப், குழாய், கிளாம்ப்; டயல் கேஜ் (அழுத்தமானி) வைத்த 3 லிட்டர் கேட்ச் பாட் (வெளியேறும் ரெசின் பம்புக்குப் போகாமல் பிடிக்கும் பாத்திரம்), ஒரு சின்ன பம்ப். அரை மீட்டர் சதுரத்தில் ஐந்தடுக்குத் தகடு ஒன்று வார்க்கலாம்.

துணி நன்றாகவே இருக்கிறது. 3கே என்றால் ஒரு நூலில் 3000 இழை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 மைக்ரான் தடிமன். ட்வில்லின் மூலைவிட்டக் கோடுகள் துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வளையாமல் போகின்றன. வெட்டும்போதுதான் கவனம் வேண்டும். வெட்ட வேண்டிய கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் நடுவில் கத்தரிக்க வேண்டும். இல்லையென்றால் ஓர நூல்கள் உருவி வந்துவிடும். கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கம்ப்யூட்டர் இருக்கும் மேஜையில் இந்த வேலை வேண்டாம்.

பெட்டியில் எளிய பொருளாகத் தெரியும் பச்சை வலைதான் இந்த முறையின் உயிர். 1856-ல் ஹென்றி டார்சி மணல் வழியே தண்ணீர் ஓடுவதை அளந்து சொன்ன விதியே துணி வழியே ஓடும் ரெசினுக்கும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. பாதித் தகடு 5 நிமிடத்தில் நனைந்தால் முழுத் தகடு நனைய 20 நிமிடம். வலை இல்லாவிட்டால் ரெசின் போய்ச் சேருவதற்குள் கெட்டியாகிவிடும். துணிக்கு மேலே ரெசின் வேகமாகப் பரவ ஒரு தனி அடுக்கு வைத்து, அங்கிருந்து கீழே இறங்க விடும் உத்திக்கு வில்லியம் சீமன் 1990-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் கிட்டின் கையேடு வலையைத் துணியின் முழு அளவுக்கு வெட்டச் சொல்கிறது. அது தப்பு. ரெசின் வெளியேறும் பக்கம் 3 முதல் 5 செ.மீ. வலை இல்லாமல் விட வேண்டும். அந்த இடத்தில் ரெசின் நிதானித்து, கீழ் அடுக்குகளை நனைத்துவிட்டுத்தான் நகரும். முழுக்க வலை போட்டால் மேலே ஓடி வெளியேறிவிடும், அடியில் உலர்ந்த திட்டுகள் நிற்கும். கண்ணாடி நாரில் அது வெளுப்பாகத் தெரியும். கார்பன் கறுப்பு என்பதால் அச்சிலிருந்து உரிக்கும் வரை தெரியவே தெரியாது.

இன்னொரு கோளாறு, கலக்கும் கப். ரெசின்–ஹார்டனர் விகிதம் 100:30, அதுவும் எடைக்கணக்கில். கிட்டில் இருப்பதோ மில்லிலிட்டர் கோடு போட்ட கப், தராசு இல்லை. ரெசினின் அடர்த்தி சுமார் 1.15, ஹார்டனர் சுமார் 0.95. அப்படியானால் கன அளவில் விகிதம் 100:36. கோட்டைப் பார்த்து 30 ஊற்றினால் ஹார்டனர் ஆறில் ஒரு பங்கு குறைந்துபோகும், தகடு நகம் பதிகிற மாதிரி மெத்தென்று நின்றுவிடும். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையல் தராசே போதும். 350 கிராம் கலவைக்கு ரெசின் 269, ஹார்டனர் 81.

ஏன் 350? துணி 250 கிராம். கன அளவில் நார் பங்கு 55 சதவீதம் என்று வைத்தால் தகட்டுக்குள் தங்கும் ரெசின் 135 கிராம்தான். மீதி வலை, பீல் ப்ளை, குழாய் குடிப்பது. ரெசின் கப்பில் குழாயின் வாய் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் வேலை கெட்டது, அதனால் மிச்சம் இருக்க வேண்டும். கலந்ததை அகலமான பாத்திரத்தில் வையுங்கள். ஒடுக்கமான கப்பில் குவிந்து நின்றால் தன் சூட்டிலேயே புகைந்து கெட்டியாகும்.

இனி கேஜ். பையைக் கட்டியதும் கசிவு பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி. முழு வெற்றிடத்தில் அரை மீட்டர் சதுரத்தின்மேல் காற்று சுமார் இரண்டரை டன் எடையாக அழுத்துகிறது; ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே பாயும். பம்புக்குப் போகும் வழியை அடைத்த பிறகு 10 நிமிடத்தில் பைக்குள் அழுத்தம் 5 மில்லிபாருக்கு மேல் ஏறக்கூடாது என்பது நல்ல அளவுகோல். இந்த டயலில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி 20 மில்லிபார்! முள் அசையவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது போதாதென்று கேஜ் பாட்டின் மூடியில் இருக்கிறது. சுருங்கிய பைக்குள் மிஞ்சும் இடம் அரை லிட்டர்கூட இருக்காது, பாட் 3 லிட்டர். இரண்டும் சேர்ந்த நிலையில் பையின் கசிவு ஏழு மடங்கு மெதுவாகத்தான் முள்ளுக்கு வந்து சேரும். பைக்குப் போகும் குழாயை கிளாம்ப் செய்துவிட்டால் கேஜ் பாட்டை மட்டுமே அளக்கும், அந்தச் சோதனை வீண்.

டிஜிட்டல் கேஜ் ஒன்றை பையின் ரெசின் நுழையும் பக்கக் குழாயில் மாட்டி, பாட்டுக்குப் போகும் குழாயை அடைத்துப் பாருங்கள். அது வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து முழு அழுத்தம் காட்டும் ரகமாக இருந்தால் நல்லது. கிட்டின் டயல் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவது. 1000 மீட்டர் உயரமான ஊரில் பம்ப் என்ன முக்கினாலும் முள் –0.9 பாரைத் தாண்டாது, பாவம் பம்பின் குற்றமில்லை. முதல் சில நிமிடம் பீல் ப்ளையின் ஈரத்தால் கொஞ்சம் ஏறும். அது அடங்கிய பிறகு எண்ணுங்கள். கசிவு பெரும்பாலும் டேப் மடிப்பின் அடியிலும் குழாய் நுழையும் இடத்திலும்தான். டேப் ஒட்டும் ஓரத்தில், தகடு கழன்று வர அச்சில் பூசும் மெழுகு பட்டிருந்தால் அது ஒட்டவே ஒட்டாது. மெழுகு பூசும் முன்பே அந்த ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் போட்டு மறைத்துவிட வேண்டும்.

எபாக்ஸியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நீர்த்து ஓடுகிறது. தகடு எப்படி வந்தது என்று அறிய எடை போட்டாலே போதும். ஓரம் சீவாத தகடு 390 கிராம் என்றால் ரெசின் 140. கன அளவாக்கினால் நார் 142, ரெசின் 122 க.செ.மீ.; நார் பங்கு 54 சதவீதம். வெற்றிடம் இல்லாமல் கையால் ரெசின் பூசும் கைப்பூச்சில் இது 40-ஐத் தொட்டாலே அதிகம். தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வரும்.

24 மணி நேரத்தில் உரித்துவிடலாம் என்கிறது கையேடு. உரிக்கலாம், ஆனால் வெயிலில் நிற்கப்போகும் பாகமென்றால் அச்சிலிருந்து எடுக்காமலே மணிக்கு 10 டிகிரி வீதம் ஏற்றி, 60 டிகிரியில் 6 மணி நேரம் வேக வையுங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் சூட்டில் ரெசின் மேலும் சுருங்கி, பளபளப்பின் மேல் நெசவுத் தடம் எழும்பும்.

பிரித்த பாட்டிலில் மீந்த ரெசின் குளிரில் வெண்மையாக, சர்க்கரை பூத்த தேன்போல் ஆனால் கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டாம். 50 டிகிரி வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி, கடைசிப் படிகம் கரையும் வரை காத்திருந்து, ஆறிய பின் கலக்குங்கள்.