ரிஜிட் ஹெடில் மேசைத் தறி: சில சீசன் ஓட்டிய பிறகு

வாங்கிய புதிதில் எழுதும் விமர்சனத்தில் எல்லாத் தறியும் நல்ல தறிதான். ஒரு கைவினைக் கண்காட்சி முடிந்து அடுத்ததற்குச் சரக்கு சேர்க்கும் இடைவெளியில், வீடு நிறைய உறவினர்கள் இருக்கும்போது அது எப்படி ஒத்துழைக்கிறது என்பது வேறு விஷயம். இந்த 40 செ.மீ. மேசைத் தறியை அப்படிப் பல விடுமுறை சீசன்கள் ஓட்டிவிட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகைத் தறிகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான்.

தெரியாதவர்களுக்காக: இதில் இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதும், நெய்ததை நெருக்கும் சீப்பு மாதிரியான அச்சும் தனித்தனியாகக் கிடையாது. இரண்டு வேலையையும் செய்யும் ஒரே பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துளை, ஒரு இடுக்கு என்று மாறி மாறி இருக்கும். இதையே அச்சு என்று சொல்கிறேன். சட்டத்தைத் தூக்கினால் துளையில் கோத்த இழைகள் மேலே போகும், இறக்கினால் கீழே போகும். அந்த இடைவெளியில் நூல் சுற்றிய நாடாவை விட்டு, அதே சட்டத்தை முன்னால் இழுத்து ஊடையை, அதாவது குறுக்கு நூலை, நெருக்க வேண்டியதுதான். மிதி இல்லை, ஓசையும் அதிகம் இல்லை.

இதன் பெரிய பலமாக நான் சொல்வது வேகத்தையோ துணியின் தரத்தையோ அல்ல. பாதியில் எழுந்து போகலாம், அதுதான். நாலு ஊடை போட்டதும் யாரோ கூப்பிடுவார்கள், குழந்தை அழும், வாசலில் ஆள் வரும். நாடாவைத் துணிமேல் வைத்துவிட்டுப் போய், இரண்டு நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்தில் தொடரலாம். கடைசி இழை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால், அடுத்து தூக்குவதா இறக்குவதா என்பது தெரிந்துவிடும். பெரியம்மாவோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே அரை முழம் நெய்த நாட்கள் உண்டு. இந்த சௌகரியம் தையல் மெஷினில் எனக்குக் கிடைத்ததில்லை. அது போடும் சத்தத்தில் பேச்சே நடக்காது.

ஆனால் பாவு ஓட்டுவது, அதாவது தறியில் நெடுக்கு நூல்களை ஏற்றுவது, இதற்கு நேர் எதிர். இந்தத் தறியோடு வரும் புத்தகங்கள் சொல்லும் வழி, ஒரு மேசையில் தறி, எதிரே ஒரு முளை, நடுவில் நூலை நேராக இழுத்து மாட்டுவது. கணக்கைப் பாருங்கள். தோளில் போடும் ஒரு ஸ்டோல் துவைத்து உலர்ந்தபின் 180 செ.மீ. நீளம் நிற்க வேண்டுமானால், சுருக்கத்துக்கும் நெசவில் இழை வளைவதற்கும் சேர்த்து 220 செ.மீ. பாவு தேவை. தறியில் வீணாகும் துண்டு ஒவ்வொரு பாவுக்கும் அரை மீட்டர் வரும். ஒரு ஸ்டோல் போட்டாலும் அதே வீண், இரண்டு போட்டாலும் அதே வீண். அதனால் எப்போதும் இரண்டாகவே போடுகிறேன். குஞ்சத்துக்கும் விட்டால் 5.2 மீட்டர் ஆகிறது. கூடத்திலிருந்து அடுத்த அறை வரை நூல் நிற்கும். விருந்தாளிகள் இருக்கும் வீட்டில் யாரும் குறுக்கே போகக்கூடாது என்று சொல்லிப் பாருங்கள்!

அதனால் அந்த வழியை விட்டுவிட்டேன். சீசன் தொடங்கும் முன்பே முளைப்பலகையில் பாவுகளை ஓட்டி, இழை வரிசை குலையாமல் ஒரு முனையில் குறுக்குப் பின்னல் கட்டி, சங்கிலியாகப் பின்னி வைத்துவிடுகிறேன். ஒவ்வொன்றிலும் இழை எண்ணிக்கை எழுதிய சீட்டு தொங்கும். தறி காலியானதும் ஒரு சங்கிலியை எடுத்துக் கொக்கியால் கோத்துக்கொள்ளலாம், அதையும் பாதியில் நிறுத்தலாம். பழைய பாவின் நுனியை அச்சிலேயே விட்டு, புதுப் பாவை அதோடு பிணைக்கும் நெசவாளர் முறையையும் இதில் செய்து பார்த்தேன். சிறிய துளைகளில் முடிச்சு சிக்குகிறது. புதிதாகக் கோப்பதுதான் எனக்கு வேகம்.

நூல் விஷயத்தில் எனக்குப் பழகிப்போனது 2/8 காட்டன். 8-ம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது, கிலோவுக்கு சுமார் 6,770 மீட்டர் வரும். அங்குலத்துக்கு 12.5 இழை கொண்ட அச்சில், தறியின் முழு அகலத்துக்கு 197 இழை. ஊடையும் சேர்த்து ஒரு ஸ்டோல் 150 கிராமுக்குள் முடிந்துவிடுகிறது. தறியிலிருந்து வெட்டி எடுத்தவுடன் அது கொசுவலை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அலசி உலர்த்தினால் இழைகள் உப்பி இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். கண்காட்சிக்கு முந்தின இரவு வெட்டி, அலசாமல் மடித்து எடுத்துப்போவதை மட்டும் செய்யாதீர்கள். வாங்குபவர் முதல் முறை துவைக்கும்போது அளவு மாறும். லினன் நூலுக்கு இந்தத் தறியைப் பரிந்துரைக்க மாட்டேன். அது கேட்கும் இழுவிசையை இந்தச் சின்னச் சட்டத்தால் கொடுக்க முடியாது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரு கை பார்க்க ஆசை வரும். தரலாம், ஆனால் விற்கும் துணியில் வேண்டாம். நான் அங்குலத்துக்கு 12 ஊடை வரும்படி நெருக்கினால், அக்கா மகள் உற்சாகத்தில் 18 வரும்படி அடிப்பாள். தறியில் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அவள் நெய்த பட்டை தனியாக இருட்டிக் காட்டும், துவைத்தாலும் போகாது. ஆகவே இரண்டு ஸ்டோலும் முடிந்தபின் பாவின் வாலில் மிஞ்சும் ஒரு சாண் பிள்ளைகளுக்கு. அது டம்ளர் வைக்கும் விரிப்பாகும். சில விரிப்புகளைக் கண்காட்சி மேசையில் வைத்தேன், போய்விட்டன. அப்புறம் அவர்கள் பங்கு கேட்டது தனிக் கதை.

கண்காட்சிக்குத் தறியைத் தூக்கிப் போவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கூட்டம் கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நெய்யும்போது தலை குனிந்துதான் இருக்கும், எதிரே நிற்பவர் கேட்கத் தயங்கிப் போய்விடுவார். தறியைப் பாவோடு பார்வைக்கு வைத்துவிட்டு, கையில் குஞ்சம் முறுக்கும் வேலையை எடுத்துக்கொள்வது மேல். நாலு நாலு இழையாக இரண்டு கற்றையை ஒரே பக்கம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம் விட்டு முடிச்சுப் போட வேண்டும். ஸ்டோலுக்கு இரு முனையிலும் சேர்த்து ஐம்பது குஞ்சம். வீட்டில் செய்தால் அலுப்பு தட்டும் வேலை, கடையில் பேசிக்கொண்டே முடிந்துவிடும். முறுக்கிய முனையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி நீட்டினால், கை தானாகத் துணிக்கும் போகிறது.

தேய்மானம் என்று பார்த்தால் மரச்சட்டம் உறுதியாக இருக்கிறது. அச்சை மேலே நிறுத்தும் மரத் தாங்கியின் விளிம்பு மழுங்கி, அழுத்தி நெய்யும்போது அச்சு சறுக்கி விழ ஆரம்பித்தது. தாங்கியை மாற்றினேன். பல்சக்கரத்தின் பிளாஸ்டிக் பூட்டு இன்னொரு பலவீனம், உபரியாக ஒன்று வாங்கி வைப்பது நல்லது. சீசன் நடுவில் அது உடைந்தால் பாவு தளர்ந்து மொத்த வேலையும் நிற்கும். நெய்த துணி சுருளும் படைமரத்தின் கயிறுகள் நாளாக நாளாக நீண்டு, துணி ஒரு பக்கம் கோணும். வருடம் ஒருமுறை புதுக் கயிறு கட்டி, எல்லாம் ஒரே நீளமா என்று அளந்துவிடுங்கள்.

மீட்டர் கணக்கில் துணி விற்க நினைப்பவர்களுக்கு இது சரிவராது, மிதித்தறிக்கே போங்கள். ஸ்டோல், மஃப்ளர், விரிப்பு என்றால் தாராளமாக வாங்கலாம். 40-ஆ 60-ஆ என்று கேட்டால், இப்போது நான் 60-தான் சொல்வேன். 40 செ.மீ. அச்சில் நெய்த துணி உள்வாங்கிச் சுருங்கிக் கடைசியில் 35 பக்கம்தான் நிற்கிறது. கண்காட்சிக்கு வருபவர்கள் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, இதில் இன்னும் கொஞ்சம் அகலம் இருக்கிறதா என்றுதான்.