பீங்கான் ஸ்காஃபோல்ட்: சாதா ஃபர்னஸா, ஸ்பார்க் பிளாஸ்மாவா, மைக்ரோவேவா?

சிப்பி ஓட்டோட உள்பக்கம் பளபளன்னு இருக்குமே, அதுல கிட்டத்தட்ட 95% வெறும் கால்சியம் கார்பனேட் தான், மிச்சம் கொஞ்சூண்டு புரோட்டீன், ஆனாலும் லேசுல விரிசல் விடாது. அதைக் காப்பியடிக்கத்தான் ஃப்ரீஸ் காஸ்டிங். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு, ஒரு வகை பீங்கான்) பவுடர் கலந்த தண்ணிய ஒரு பக்கமா உறைய வச்சா ஐஸ் தகடு தகடா வளந்து பவுடரை இடுக்குல ஒதுக்கிடும், அப்புறம் ஐஸை வேக்குவத்துல ஆவியாக்கினா வரிவரியா சந்து வச்ச ஒரு கூடு மிஞ்சும் (இதுதான் ஸ்காஃபோல்ட்), தொட்டா சாக்பீஸ் மாதிரி விரல்ல ஒட்டும். இதைச் சுட்டு கெட்டியாக்கி, சிப்பியோட புரோட்டீனுக்குப் பதிலா சந்துல பாலிமர் (பிளாஸ்டிக்) ஊத்துறது வழக்கம். இதை எதுல சுடுறது?

சிக்கல் என்னன்னா சுவர் கெட்டியாகணும், சந்து மூடக்கூடாது. கம்மியா சுட்டா சுவருக்குள்ளயே ஓட்டை, ஓவரா சுட்டா கிரெயின் (பீங்கானுக்குள்ள இருக்குற பொடிப் படிகம்) பெருத்து, சின்ன சந்தெல்லாம் அடைச்சு, பாலிமர் உள்ள போகாது.

சாதா ஃபர்னஸ் மந்தம், ஒரு நாள் முழுசா போயிடும். பைண்டர் (பவுடரைச் சேர்த்துப் பிடிக்குற பசை) எரியுற 400-600 டிகிரி வரைக்கும் நிமிஷத்துக்கு ஒரு டிகிரி கணக்குல ஏத்தணும், அங்க அவசரப்பட்டா கேஸ் வெளிய வர வேகத்துலயே கூடு வெடிச்சிடும், அப்புறம் 1500 டிகிரி பக்கம் ரெண்டு மணி நேரம். பீஸ் நல்லாவே சுருங்கும், அச்சை முன்னாடியே பெருசா எடுத்துக்கணும். ஆனா எதுவும் அமுக்கல, அதனால சந்து திறந்தே இருக்கும். ஒரு முனையில மை சொட்டு வச்சா சர்ருன்னு இழுத்துட்டுப் போகும், எனக்கு அதான் டெஸ்ட்.

ஸ்பார்க் பிளாஸ்மா நேரெதிர், கிராஃபைட் அச்சுல கரன்ட் விட்டு அமுக்கி சில நிமிஷத்துல முடிச்சிடும், கிரெயினும் பொடிசாவே நிக்கும். ஆனா அந்த அமுக்குல கூடு நசுங்கிடும்! நசுங்குறதே வேணும்னா இதுதான் ராஜா, 2014ல பாலிமரே இல்லாம முழு பீங்கான்லயே சிப்பி அமைப்பைக் கொண்டு வந்தப்போ இந்த வழிதான் கைகொடுத்துச்சு.

மைக்ரோவேவ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. குளிர்ந்த அலுமினா அந்த அலைய சரியா உறிஞ்சாது, சுத்தி சிலிக்கான் கார்பைடு வச்சு சூடேத்தணும், அப்பவும் நடுவுல ஒரு சூடு ஓரத்துல ஒரு சூடு.

பாலிமர் ஊத்தப் போறீங்கன்னா கண்ண மூடிட்டு சாதா ஃபர்னஸ். செங்கல் அடுக்கு மாதிரி வேணும்னாலும் அதே தான், 2008ல பெர்க்லி குரூப் தகட்டை அமுக்கி, ரெண்டாந்தடவை சின்டர் பண்ணி (அதாவது சுட்டு), அப்புறம் பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) ஏத்தி 80% பீங்கான் வரைக்கும் கொண்டு போனாங்க.