மாலத்தீவு பேக்கேஜ் போடுகிறவர்கள் கவனத்துக்கு: வவுச்சர் வேறு, புக்கிங் வேறு

மாலத்தீவு ‘லக்சுரி பேக்கேஜ்’ என்று சொல்லி எங்களிடம் நாலரை லட்சம் ரூபாய் வாங்கிய ஏஜென்ட், ரிசார்ட்டில் எங்கள் பெயரில் போட்டு வைத்திருந்தது அவர் சொன்னதில் பாதிதான். பணம் கட்டியது கடல் மேல் கட்டிய வில்லாவுக்கு. கிடைத்தது கரையில், புதர்களுக்குப் பின்னால் இருந்த அறை. பணம் கட்டியது ஆல் இன்க்ளூசிவுக்கு, அதாவது எல்லா வேளைச் சாப்பாடும் குடிக்கிறதும் சேர்த்து. கிடைத்தது காலையும் இரவும் சாப்பாடு. கடல் விமானத்துக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை என்றார். அதற்கு ஒரு பைசாகூட அவர் கட்டியிருக்கவில்லை.

பெயரைப் போடவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, இப்போது வேண்டாம் என்கிறார் வக்கீல். பெயர் தெரிந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, இந்த ஆட்கள் மாசத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். எப்படிச் செய்தார் என்பது தெரிந்தால் போதும்.

விற்ற விதம் கச்சிதம். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ், நல்ல ஏரியாவில் ஆபீஸ், ஜிஎஸ்டி நம்பரோடு பில், மேஜை மேல் குட்டி விமான பொம்மை. பத்தாவது கல்யாண நாளுக்காகப் போகிறோம் என்றதும், “கேக்கும் பெட் டெக்கரேஷனும் நம்ம சைடுல காம்ப்ளிமென்டரி மேடம்” என்றார். கல்யாண நாள், தேனிலவு என்று சொன்னால் பல ரிசார்ட்டுகள் தாங்களாகவே இதைச் செய்கின்றன. ஏஜென்ட் கைக்காசு போட்டுச் செய்வதுபோலப் பேசுவார்.

கொட்டேஷனில் ‘விசா மற்றும் டாக்குமென்டேஷன்’ என்று ஆளுக்கு ஒரு தொகை இருந்தது. மாலத்தீவில் விசா, இறங்கியதும் முத்திரை குத்திக் கொடுப்பது, கட்டணம் கிடையாது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற அரசுத் தளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். அதே மாதிரித் தோற்றத்தில் காசு வாங்குகிற போலித் தளங்களும் இருக்கின்றன, அது தனிக் கதை. “விசா ஃப்ரீதானே?” என்று என் கணவர் கேட்டதற்கு, “அது சர்வீஸ் சார்ஜ் சார், ஏர்போர்ட்ல உங்களை யாரும் நிறுத்தக் கூடாது இல்லையா” என்று பதில். தொகை சின்னது என்று அவர் விட்டுவிட்டார்.

பெரிய தொகை கடல் விமானத்தில் இருக்கிறது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாலத்தீவு பேக்கேஜில் ஏமாற்றுவதற்குத் தோதான இடம் இதுதான்.

சர்வதேச விமான நிலையம் தலைநகர் மாலேவை ஒட்டி ஹுல்ஹுலே என்ற தீவில் இருக்கிறது. ரிசார்ட் பக்கத்தில் இருந்தால் ஸ்பீட்போட்டில் போய்விடலாம். தூரமாக இருந்தால் கடல் விமானம், இல்லையென்றால் உள்நாட்டு விமானம் ஏறி இறங்கி அங்கிருந்து படகு. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். விளக்குப் போட்ட ஓடுபாதை கிடையாது. அலை, படகு, பவளத்திட்டு எல்லாவற்றையும் விமானி கண்ணால் பார்த்துத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். அதனால்தான் பிற்பகல் மூன்று, மூன்றரைக்குள் மாலேயில் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுக்கச் சொல்கிறார்கள். திரும்பும்போதும் அப்படியே: காலை ஏழு, எட்டு மணிக்குப் புறப்படுகிற விமானத்தை ரிசார்ட்டிலிருந்து வந்து பிடிக்க முடியாது.

அவர் எங்களுக்குப் போட்ட டிக்கெட் மாலையில் இறங்குவது. கேட்டோம். “நைட் சீப்ளேன் அரேஞ்ச் பண்ணிடலாம் மேடம், ரிசார்ட்டே அனுப்பிடுவாங்க” என்று வாட்ஸப்பில் பதில் போட்டார். இல்லாத ஒரு விமானத்தை ஏற்பாடு செய்கிறேன் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார். வக்கீலுக்கு அந்த ஒரு மெசேஜ் மேல் அலாதிப் பிரியம்.

மாலேயில் இறங்கியதும் கவுன்டரில் இருந்தவர் எங்கள் தாளைப் பார்த்தார், கண்ணாடிக்கு வெளியே இருட்டைப் பார்த்தார். “நாளைக் காலையில்தான்” என்றார். அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஹுல்ஹுமாலேயில் ஒரு ஹோட்டல், எங்கள் செலவில். ரிசார்ட்டில் அந்த இரவு எங்கள் கணக்கில் கழிந்தது. டிக்கெட் மலிவாக வாங்கி ஏஜென்ட் மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காக, நாங்கள் இரண்டு இடத்தில் அறை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் தூங்கினோம்.

காலையில் இரட்டை எஞ்சின் ட்வின் ஆட்டர் கடல் விமானம். விமானிகள் செருப்பில்லாமல் ஓட்டுகிறார்கள் என்று என் மகளுக்கு ஒரே குஷி. கீழே தெரிகிற கடலைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அதில் ஏமாற்று இல்லை.

ரிசார்ட் வரவேற்பில் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் இருந்தார். எங்கள் வவுச்சரை, அதாவது ஏஜென்ட் கொடுத்த புக்கிங் தாளை, வாங்கி மேஜையில் வைத்து, கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “மேடம், உங்க ஏஜென்ட் உங்களுக்குச் சொன்னது இது. எங்களுக்கு வந்தது இது.”

இரண்டும் ஒரே வவுச்சர். ஒரே லோகோ, ஒரே முன்பதிவு எண், ஒரே தேதி, எங்கள் பெயரில் இருந்த எழுத்துப்பிழைகூட ஒன்றுதான். எங்கள் தாளில் ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்ற வரி மட்டும் மற்ற வரிகளைவிட ஒரு நூல் தடிமன், அரை எழுத்து கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. திரையில் அந்த இடத்தில் ‘ஹாஃப் போர்டு’, காலையும் இரவும் மட்டும் சாப்பாடு. எங்கள் தாளில் ‘வாட்டர் வில்லா’, திரையில் ‘பீச் வில்லா, தோட்டம் பார்த்தது’. திரையில் கடைசியில் பொடி எழுத்தில் இரண்டு வரி: டிரான்ஸ்ஃபர் (விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போக வர) சேரவில்லை, ரத்து செய்தால் பணம் திரும்பாது. எங்கள் தாளில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், என்னவோ கீழே இருக்கும் என்பதுபோல.

இந்த மோசடியின் சாமர்த்தியமே அந்த முன்பதிவு எண்தான். அது நிஜம். கிளம்புவதற்கு முன் ரிசார்ட்டுக்குப் போன் செய்து கேட்டிருந்தோம். கேட்கச் சொன்னதே ஏஜென்ட்தான். “ஆமாம், உங்கள் பெயரில் புக்கிங் இருக்கிறது, வாருங்கள்” என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. புக்கிங் இருந்தது, அதற்குள் என்ன இருந்தது என்பதுதான் வேறு. ஏஜென்ட் ரிசார்ட்டிடம் நேரே பேசியதே இல்லை. மொத்தமாக அறைகளை வாங்கி ஏஜென்ட்டுகளுக்கு விற்கிற வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஆகக் குறைந்த விலை அறையைப் போட்டு, வந்த பிடிஎஃப்பில் நாலு வரியைத் திருத்தி எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்.

வாட்டர் வில்லா எல்லாம் நிரம்பியிருந்தது. கடைசி ஒரு இரவுக்கு வித்தியாசத் தொகை கட்டினால் தரலாம் என்றார்கள். கேட்ட தொகைக்கு வேண்டாம் என்று விட்டோம்.

சாப்பாட்டு விஷயம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். வெளியே போய் ஏதாவது சாப்பிட்டு வருவோம் என்பதற்கு ‘வெளியே’ என்று ஒன்று கிடையாது, சுற்றிலும் கடல். மதியச் சாப்பாடு, சாயங்கால ஜூஸ், குழந்தை கேட்கிற ஐஸ்கிரீம் எல்லாம் மெனுவில் போட்ட விலை, அதோடு ‘++’. இந்த இரண்டு கூட்டல் குறிக்கு அர்த்தம்: பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து வருகிற தொகைக்கு மேல் 17 சதவீதம் சுற்றுலா ஜிஎஸ்டி. 2025 ஜூலைக்கு முன் அது 16. அதாவது மெனுவில் 100 டாலர் என்று இருப்பது பில்லில் 128.70. இது தவிர ரிசார்ட்டில் தங்குகிற ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. 2025 ஜனவரியில் 6 டாலரிலிருந்து இரட்டிப்பாக்கினார்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் இல்லை. எங்கள் மகளுக்கு உண்டு. ‘ஆல் டாக்சஸ் இன்க்ளூடட்’ என்று கொட்டேஷனில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார் அந்தப் புண்ணியவான்.

கடல் விமானத்துக்குப் போக வர பெரியவர்களுக்கு ஆளுக்கு 500 டாலருக்கு மேல், குழந்தைக்குக் கொஞ்சம் குறைவு. அறைக் கணக்கில் ஏற்றினார்கள். கிளம்பும்போது கிரெடிட் கார்டு லிமிட் போதாமல் இரண்டு கார்டில் பிரித்துத் தேய்த்தோம்.

ரிசார்ட் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர்களுக்கு வந்த புக்கிங்குக்கு உரியதை ஒழுங்காகக் கொடுத்தார்கள், கேட்டதும் தங்களுக்கு வந்த உறுதிக் கடிதத்தின் பிரதியை மெயிலில் அனுப்பினார்கள். அந்தப் பிரதி இல்லாவிட்டால் எங்கள் கையில் எதுவுமே இருந்திருக்காது.

ஏஜென்ட்? முதல் நாள், “ரிசார்ட் சைடு மிஸ்டேக் மேடம், நீங்க என்ஜாய் பண்ணுங்க, நான் பாத்துக்கறேன்.” அடுத்த நாள், “சப்ளையர்கிட்ட பேசிட்டிருக்கேன்.” அப்புறம் நீல டிக் மட்டும். ஊர் திரும்பி ஆபீஸுக்குப் போனால் விமான பொம்மை இருக்கிறது, ஆள் இல்லை. அங்கிருந்த பெண்ணைத் திட்டி என்ன ஆகப்போகிறது, அதற்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கியாம்.

ஆளை அசைத்தது நாங்கள் எதிர்பார்க்காத இடம். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்கிறவர் நம்மிடம் டிசிஎஸ் என்று வரி பிடித்து, அதை நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் படிவத்தில் (எங்கள் சமயத்தில் 26ஏஎஸ்) அது தெரியும், வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். எங்கள் பில்லில் அந்தத் தொகை தனி வரியாக இருந்தது, நாங்களும் கட்டியிருந்தோம். எங்கள் ஆடிட்டர் 26ஏஎஸ்ஸைத் திறந்து பார்த்தார். எங்கள் பெயரில் எதுவுமே ஏறவில்லை. பிடித்த வரியைக் கட்டவே இல்லை. ‘டிசிஎஸ் பிடித்ததற்கான 27டி சான்றிதழ் கொடுங்கள், இல்லையென்றால் வருமான வரித் துறைக்கு எழுதுகிறோம்’ என்று இரண்டே வரியில் மெயில் போட்டோம். வாரக்கணக்கில் போன் எடுக்காத ஆள் அன்று சாயங்காலமே தானாகக் கூப்பிட்டார். “மேடம், எதுக்கு இன்கம் டாக்ஸ் வரைக்கும்... நம்ம பேசித் தீத்துக்கலாமே.” கடல் விமானத் தொகையும் டிசிஎஸ்ஸும் திரும்ப வந்தன. வில்லாவுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குத்தான் வழக்கு.

வழக்கு என்றதும் மலைக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். பலன் இல்லை, ஆனால் ஒரு புகார் எண் கிடைத்தது. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம், நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். பிரச்சினை நடந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அட்வான்ஸை கார்டில் கட்டியிருந்ததால் அந்தத் தொகைக்கு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, கேட்க முடிந்தது. மீதியை “யூபிஐல போட்டா ரெண்டு பர்சென்ட் கம்மி” என்று சொல்லி கம்பெனிக் கணக்குக்குப் பதிலாகத் தன் சொந்தக் கணக்கில் வாங்கியிருந்தார். அதற்கு அந்த வழி இல்லை.

இப்போது யாராவது என்னிடம் மாலத்தீவு என்று சொன்னால், ஏஜென்ட் அனுப்புகிற வவுச்சரைப் படிக்கவே வேண்டாம் என்கிறேன். ரிசார்ட்டின் சொந்த இணையதளத்தில் இருக்கிற மெயில் முகவரிக்கு நீங்களே எழுதுங்கள்; ஏஜென்ட் கொடுக்கிற முகவரி வேண்டாம். புக்கிங் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கும். முன்பதிவு எண்ணைப் போட்டு, இதில் எந்த வகை அறை, எத்தனை இரவு, எந்தச் சாப்பாட்டுத் திட்டம் என்று கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து வர ஏற்பாடு படகா கடல் விமானமா, அதற்குப் பணம் வந்துவிட்டதா, பசுமை வரி உட்பட அங்கே நாங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியது என்ன என்று கேளுங்கள். உங்கள் விமானம் மாலேயில் இறங்குகிற நேரத்தையும் எழுதி, அன்றே தீவுக்கு வர முடியுமா என்று கேளுங்கள். ஏஜென்ட் புக்கிங்கில் அறை வாடகையைச் சொல்ல மாட்டார்கள், மற்றதைச் சொல்வார்கள். ஒன்றிரண்டு நாளில் பதில் வந்துவிடும். அது வந்து கொட்டேஷனோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறவரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். “இன்னிக்கு நைட்டோட ரேட் மாறிடும் மேடம்” என்று போன் வரும், வரட்டும்.