சீரியஸ் சாம்: 20 வருடமாக அதே மணல், அதே காளை

2004 மே மாதம், காட்பாடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து முதன்முதலாக 'சீரியஸ் சாம்' என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடினேன். வெளியே கத்திரி வெயில், திரையில் எகிப்து மணல். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

குரோயேஷியாவின் குரோடீம் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஆட்டம். கதை பெயருக்குத்தான். துப்பாக்கி, ஓட்டம், கூட்டம் கூட்டமாக வரும் எதிரிகள், அவ்வளவே. பின்னால் வந்த பல ஆட்டங்களில் சுவர் மறைவில் சற்று உட்கார்ந்தால் உயிர் தானாக ஏறிவிடும். இதில் உட்கார்ந்தால் செத்தோம்.

பார்ப்பவருக்கு வெறும் களேபரம். அம்மாவுக்கு இன்றும் இது "அந்தக் கத்துற கேம்"தான். கத்துவது தலையில்லாத வெடிகுண்டுக்காரன். கைகளில் குண்டோடு ஓலமிட்டபடி ஓடிவந்து நம் மேல் வெடிப்பான். (தலையே இல்லாமல் எப்படிக் கத்துகிறான் என்று கேட்கக் கூடாது.) அந்த ஓலம்தான் நமக்குத் துப்பு. இடது காதில் கேட்டால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஹெட்போனில் ஒரு பக்கம் போய்விட்ட ஆறு மாதத்தில் நான் செத்த சாவு கொஞ்சமில்லை.

அப்புறம் காளை. குளம்புச் சத்தத்தோடு நேராகப் பாயும். கடைசி நொடியில் பக்கவாட்டில் ஒதுங்கினால் நம்மைத் தாண்டிப் போய்விடும், திரும்பிவர நேரம் பிடிக்கும். வேலூருக்குப் பக்கத்தில் எங்கள் அணைக்கட்டு வட்டாரத்தில் பொங்கலையொட்டி மாடு விடும் விழா நடக்கும். மாட்டுக்கு முன்னால் நேராக ஓடுகிறவன் மாட்டிக்கொள்வான், ஒதுங்குகிறவன் தப்பிப்பான். தம்பி முதல் நாளே காளையைச் சமாளித்துவிட்டான். எனக்கு ஒரு வாரம் ஆனது. நான் விழாவை மொட்டை மாடியிலிருந்து பார்க்கிற ஆள்.

வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்ததும் திரையை இரண்டாகப் பிரித்துத் தம்பியும் நானும் சேர்ந்தே ஆடினோம். அவனுக்கு கேம்பேட், எனக்கு மவுஸ். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-இல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்யும் பழக்கம் வந்தது. இன்னும் போகவில்லை.

குறை இல்லாமலா? வெட்டவெளியில் ஒரு மருந்துப் பெட்டி தனியாகக் கிடக்கும். எடுத்த மறுநொடி முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம் முளைக்கும். இது அழுகுணி ஆட்டம்தான். நியாயம் என்று பார்த்தால் 1993-இல் வந்த 'டூம்' என்ற சுடும் ஆட்டம் எவ்வளவோ மேல். அதில் ஒரு பூதம் விட்ட குண்டு வேறு வகைப் பூதத்தின் மேல் பட்டால் இரண்டும் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும், நாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம்.

2016-இல் சீரியஸ் சாமின் எஞ்சின், அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளின் மூல நிரலை, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி திறந்துவிட்டார்கள். அதனால் என் பழைய லேப்டாப்பில், விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸிலும் ஓடுகிறது. போன பொங்கலுக்கு, ரத்தத்துக்குப் பதில் பூ கொட்டும்படி மாற்றிவைத்துத் தம்பி மகனை உட்கார வைத்தேன். வெட்டவெளியில் மருந்துப் பெட்டியைப் பார்த்ததும் ஓடினான். தம்பி வாயைத் திறக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன்.