10 மீட்டர் ஏர் ரைபிளுக்குப் பீப் சைட்டா, ஸ்கோப்பா?

கோயம்புத்தூரில் புதிதாக ஏர் ரைபிள் வாங்கும் பசங்க முதலில் கேட்பது ஸ்கோப், அதாவது இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் குழாயின் விலையைத்தான். போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் அந்தக் காசைப் பீப் சைட்டில் போடுங்கள், ஏனென்றால் ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது.

பீப் சைட்டில் பின்னால் ஒரு சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம், அந்த வளையத்துக்குள் இலக்கு அட்டையின் 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் நடுவாக உட்கார்ந்து சுற்றிலும் வெள்ளை ஒரே அளவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதன் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை அந்த வெள்ளை வளையத்தை நம்பியே அடிக்கிறார்கள், எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

சரி, பொள்ளாச்சிப் பக்கம் தோப்பில் டப்பா மூடியைத் தொங்கவிட்டுச் சுடுவதற்கு மட்டும்தான் என்றால் ஸ்கோப் நல்லது, கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் சுலபம். ஆனால் கை நடுக்கத்தையும் அது பெரிதாக்கிக் காட்டும். அப்புறம், ஸ்பிரிங் விசையால் சுடும் ஏர் ரைபிள் பின்னால் உதைத்து உடனே முன்னாலும் வெட்டும், சாதாரண ஸ்கோப் அதைத் தாங்காது. என் மாமா பையனுடையதில் இரண்டே வாரத்தில், ஸ்கோப்புக்குள் குறிபார்க்கத் தெரியும் குறுக்குக் கோடு சாய்ந்துவிட்டது.

வாங்கும்போது 10 மீட்டர் தள்ளி ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே, ஸ்கோப்பை அசைக்காமல் தலையை மட்டும் லேசாக நகர்த்துங்கள். கோடு புள்ளியை விட்டு நகர்ந்தால், அந்தத் தூரத்துக்குக் குவியம் மாற்ற முடிகிற வேறொன்றைக் கேளுங்கள்.