மேல்முறையீடா, மறுஆய்வா? சிவில் வழக்கில் தோற்றவர் எந்தப் பக்கம் போவது

எங்கள் குடும்பத்தின் வண்டிப்பாதை வழக்கு முன்சீப் கோர்ட்டில் தோற்றதும் இரண்டு வழிகள் இருந்தன: சப் கோர்ட்டில் மேல்முறையீடு, அல்லது தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிலேயே மறுஆய்வு மனு. நாங்கள் மேல்முறையீட்டுக்குப் போனோம். யார் கேட்டாலும் அதையே சொல்வேன். மறுஆய்வு மனு நாங்கள் போட்டதில்லை. அதைப் பற்றி எழுதுவது சட்டத்தைப் படித்தும் வக்கீலிடம் கேட்டும் அறிந்ததுதான்.

மறுஆய்வு பார்க்கச் சுலபம். அதே கோர்ட், வழக்குக் கட்டும் அங்கேயே இருக்கிறது. ஆனால் வாசல் மிகக் குறுகல். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 47-ன்படி தீர்ப்பைப் படித்ததுமே கண்ணில் படுகிற பிழை, அல்லது உரிய முயற்சி எடுத்தும் முன்பு கிடைக்காத முக்கிய ஆதாரம், அல்லது அதுபோன்ற போதிய காரணம் வேண்டும். ‘எங்கள் சாட்சியை நீதிபதி நம்பாமல் விட்டுவிட்டார்’ என்பது அங்கே எடுபடாது. தோற்றவர்களில் பலருக்குக் குறையே அதுதானே! முதல் மேல்முறையீட்டில் சாட்சியம், ஆவணம், சட்டம் எல்லாவற்றையும் மறுபடி அலசலாம். அதற்கும் மேலே, இரண்டாம் மேல்முறையீட்டில், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

எங்களை முடிவெடுக்க வைத்தது கெடு. மறுஆய்வுக்கு 30 நாள். சப் கோர்ட், மாவட்ட கோர்ட்டில் மேல்முறையீட்டுக்கும் 30 நாள். உயர் நீதிமன்றம் என்றால் 90. மறுஆய்வு மனு நிலுவையில் இருப்பதால் மேல்முறையீட்டுக் கெடு நின்றுவிடாது. மனு தள்ளுபடியானால் அந்தத் தள்ளுபடியை எதிர்த்து அப்பீல் கிடையாது. பழைய தீர்ப்பைத்தான் எதிர்க்க வேண்டும். அதற்குள் 30 நாள் எப்போதோ போயிருக்கும். காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு, அதற்கு எதிர்த்தரப்பின் ஆட்சேபம், அதன்மேல் விசாரணை என்று வழக்கின் வாசலிலேயே நிற்க வேண்டிவரும். புதிய ஆவணம் கிடைத்தால் மறுஆய்வுதான் வழி என்பார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 41, விதி 27-ன் நிபந்தனைகள் பொருந்தினால் மேல்முறையீட்டிலேயே கூடுதல் ஆதாரம் சேர்க்கலாம்.

தீர்ப்பின் நகல் வாங்க ஆகும் நாட்களைக் கெடுக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். ஆனால் நகலுக்கு மனுப் போடாமல் நாம் சும்மா இருந்த நாட்களைக் கழிக்க மாட்டார்கள். அதனால் தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ காப்பி அப்ளிகேஷன் போட்டுவிடுங்கள்.

மேல்முறையீட்டின் பாரத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் கீழ்க்கோர்ட்டுக்கான அதே கோர்ட் ஃபீஸ் மறுபடியும் கட்ட வேண்டும். வருடங்கள் இழுக்கலாம். அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. ஸ்டே கேட்டுத் தனி மனுப் போட வேண்டும். பணம் கொடுக்கச் சொன்ன தீர்ப்பென்றால் தொகையை டெபாசிட் செய்யவோ ஜாமீன் காட்டவோ சொல்லலாம்.

எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்ட ஆவணத்தை நீதிபதி பார்க்காமல் விட்டது தீர்ப்பிலேயே தெரிகிறதா? அப்போது மறுஆய்வை யோசிக்கலாம், அதுவும் மேல்முறையீட்டுக் கெடு முடிவதற்குள் வக்கீலோடு கலந்துபேசி. மேல்முறையீடு போட்டபிறகு மறுஆய்வுக்குத் திரும்ப முடியாது. சர்வே எண்ணில் எழுத்துப்பிழை, கூட்டலில் தவறு போன்றவைக்கு இரண்டுமே வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152-ஆம் பிரிவில் திருத்த மனு போதும், அதற்குக் கெடுவும் இல்லை.