ஹேவ்லாக் படகுகள்: வார விடுமுறைக்கு எது சரிப்படும்?

சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அதனால் சனி, ஞாயிறே போதும் என்று கிளம்புகிறவர்கள் படகில் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்கு (இப்போது ஸ்வராஜ் த்வீப்) கடைசிப் படகு பிற்பகலிலேயே போய்விடும். வெள்ளி காலை விமானம், திங்கள் காலை திரும்பும் விமானம், நடுவில் இரண்டு இரவு ஹேவ்லாக், ஞாயிறு இரவு போர்ட் பிளேர். இதற்குக் குறைந்தால் பார்ப்பதைவிட ஓடுவதுதான் அதிகம். பக்கத்திலிருக்கும் நீல் தீவை (இப்போது ஷஹீத் த்வீப்) இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

முதலில் படகு நேரத்தைப் பாருங்கள், பிறகு விமானம், கடைசியில் ஹோட்டல். விமானம் இறங்குவதற்கும் படகு கிளம்புவதற்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

தனியார் படகுகள் ஹேடோ துறையிலிருந்து கிளம்புகின்றன. மக்ரூஸ், நாட்டிகா இரண்டும் மூடிய ஏசி கேட்டமரான்கள், அதாவது இரட்டை அடிப்பகுதி கொண்ட வேகப் படகுகள். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும், ஆனால் கடல் காற்று கண்ணாடிக்கு வெளியேதான். கிரீன் ஓஷன் மெதுவாகப் போகும். மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கலாம். அவசரம் இல்லாத வெள்ளிக்கிழமைக்கு அதுதான் என் தேர்வு. கூடுதல் காசு கொடுத்து உயர் வகுப்பு எடுப்பது வீண். அகலமான இருக்கை கிடைக்கும், அவ்வளவுதான். அந்த இருக்கை மேல்தளத்தில் இருந்தால் ஆட்டமும் கூடும்.

வாந்தி வருகிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில், பின்பக்கமாக, நடு வரிசை. முன்பக்க ஜன்னல் சீட் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அலையில் தூக்கிப் போடுவது அங்கேதான். குமட்டலைத் தடுக்கும் அவோமின் மாத்திரை போடுவதாக இருந்தால் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்தே வெளியே வரும். தூக்கம் வரும் என்பதால், இறங்கியதும் ஸ்கூட்டர் ஓட்டப் போகிறவர் அதைத் தவிர்க்கட்டும்.

அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து. சில நூறு ரூபாய்தான், இரண்டரை மணி நேரம் போல் ஆகும். தீவுக்காரர்களின் அன்றாடப் போக்குவரத்து அதுவே என்பதால் டிக்கெட் சுலபத்தில் கிடைக்காது. வார விடுமுறைத் திட்டத்தை அதை நம்பிப் போடாதீர்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மே முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளித்தால் எல்லாப் படகும் நிற்கும். படகுக்காரர் பணத்தைத் திருப்பித் தருவார், தவறவிட்ட விமானத்துக்கு யாரும் தரமாட்டார்கள். ஞாயிறு இரவு போர்ட் பிளேரில் தங்கச் சொல்வது இதற்காகத்தான். அன்று மாலையே செல்லுலார் சிறையின் ஒலி ஒளிக் காட்சியையும் பார்த்துவிடலாம்.

தீவில் இரண்டு விஷயம் கவனம். தங்கும் விடுதிகள் அதிகம் இருக்கும் விஜயநகர் கரையில், அதாவது ஐந்தாம் எண் கடற்கரையில், நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கி வெறும் பாறைதான் தெரியும். முன்பதிவுக்கு முன் ஏற்ற வற்ற அட்டவணையைப் பாருங்கள். குளிக்க ராதாநகர் போங்கள். ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், நான்குக்கே அங்கே இருக்க வேண்டும். முதலை எச்சரிக்கைப் பலகையை அலட்சியப்படுத்தாதீர்கள்: 2010இல் அந்தப் பக்கத்தில் ஒரு பயணி முதலைக்குப் பலியாகியிருக்கிறார்.

ஸ்கூபா முக்குளிப்பு என்றால் சனிக்கிழமை. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால் காற்றழுத்தம் குறைந்து அது குமிழாகி மூட்டுகளையும் நரம்பையும் பிடிக்கும். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரம் விடுங்கள்.

கரையில் கிடக்கும் பவளத்துண்டு, சங்கு எதையும் பையில் போடாதீர்கள், விமான நிலைய ஸ்கேனரில் எடுத்துவிடுவார்கள். கடையில் வாங்கிய சங்குக்கு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.